வெறும் வயிற்றில் ஒரு குவளை தே

பெரிய டாக்டர் பொய் சொன்னார்.

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில், மாலை போட்டு உட்கார வைத்து, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் துறைமுகத் தமிழ்த் தொழிலாளர்களின் ரத்தத்தில் சர்க்கரை பார்த்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் அவர்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்தார்களாம். கேட்டால் சாமி மேல் சத்தியம் செய்து இல்லை என்றார்களாம். பொய் அவர்களுக்குச் சுலபமாக வருமாம். அதை அவர்தான் கண்டுபிடித்தாராம். ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மாள் தமிழில் சொன்னார். இரண்டு தடவையும் சபை சிரித்தது.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. நன்றியுரை சொல்லி எல்லோருக்கும் வடை கொடுத்தார்கள். நான் வடையை வாங்காமல் பஸ் ஏறினேன். அதனால் இதை எழுதுகிறேன்.

அவர்கள் தின்றுவிட்டு வரவில்லை. தே குடித்துவிட்டு வந்தார்கள், பால் ஊற்றிய தேநீர். அதை யாரும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. கண்டுபிடித்ததும் அவர் இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஆராய்ச்சி நடந்த லேப்பில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவியவள் நான். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கம்பெனியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

கழுவுவது என்றால் வீட்டில் சட்டி கழுவுவது மாதிரி இல்லை. சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை, குழாய்த் தண்ணீரில் பல தடவை, பிறகு செம்பழுப்பு நிறத்தில் ஒரு ஆசிட்டில் ஊறப்போட வேண்டும். மறுநாள் எடுத்து மறுபடி அலச வேண்டும். கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர். குழாயைச் சாய்த்தால் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். எங்காவது முத்து முத்தாக நின்றால் அழுக்கு இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து. அந்த ஆசிட் என் புடவைகளில் எல்லாம் ஓட்டை போட்டது. விரல் நுனியெல்லாம் மஞ்சள். தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போனால் கடைக்காரர், "என்னம்மா, காலையிலயே மஞ்சள் அரைச்சிட்டு வந்துட்டீங்களா?" என்பார். ஆமாம் என்றுவிடுவேன். ஆசிட் என்றால் மீனைத் தொட விடமாட்டார்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைதான் படித்தேன். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் மருந்தைக் கலந்து வடிகட்டுவார்கள். தண்ணீர் மாதிரி தெளிந்து வரும். அதில் செம்பு கலந்த மருந்தை ஊற்றி, கொதிக்கும் தண்ணீரில் வைப்பார்கள். ஆறவிட்டு இன்னொரு மருந்து ஊற்றினால் நீலம் வரும். நீலம் எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு சர்க்கரை. அதை அளக்க ஒரு கருவி இருந்தது. கொஞ்ச நாளில் எனக்குக் கருவி தேவைப்படவில்லை. குழாய்கள் சட்டத்தில் வரிசையாக நிற்கும்போதே எது நல்லது, எது கெட்டது என்று சொல்லிவிடுவேன். அந்தப் பரிசோதனையைச் செய்தவர் ஒரு சீனப் பெண்மணி. எனக்குத் தமிழும் கடைவீதி மலாயும்தான் தெரியும், அவருக்கு ஆங்கிலமும் சீனமும் அதே மலாயும். அந்த மலாயில்தான் பேசிக்கொள்வோம். நான் நிறத்தைச் சொல்வேன், அவர் கருவியில் பார்ப்பார், பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் பெரிய டாக்டர் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் தமிழர்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் வேலைக்காரர்களிடம் பேசுகிற அளவுக்குத்தான். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்தவர்களைத்தான் பரிசோதிக்க எடுத்துக்கொண்டார். கம்பெனியும் சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை. ரத்தத்தில் சர்க்கரை இருப்பவன் யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கிரேனில் உட்கார்ந்திருப்பவனுக்கு மயக்கம் வந்தால் சரக்கு கீழே நிற்கிறவன் தலையில் விழும். அது நியாயமான பயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

என் கணவர் அந்தக் கம்பெனியில் கிரேன் ஓட்டினார். கப்பலின் அடித்தளத்தில் மூட்டை தூக்கி, பல வருஷம் காத்திருந்து, அப்போதுதான் மேலே ஏறினவர். நான்கு மாதம் ஆகியிருந்தது.

ரத்தம் எடுத்த மறுநாள் சட்டத்தில் குழாய்கள் நின்றன. அவருடைய எண் எனக்குத் தெரியும். அட்டையை வீட்டில் காட்டியிருந்தார். அந்த எண்ணைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஊற்றிக்கொள்கிற மை மாதிரி நீலம். பக்கத்தில் இன்னும் பல குழாய்கள் அதே நிறம். நான் மற்றவற்றைப் பார்க்கவில்லை. சீனப் பெண்மணி என்னைப் பார்த்தார். "உன் வீட்டுக்காரரா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். கருவியில் மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அதே அளவுதான் வந்தது.

நான் என் கணவரிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கிரேனிலிருந்து இறங்க வேண்டும், கிடங்கு கூட்டுகிற வேலைக்குப் போக வேண்டும், மறு உத்தரவு வரும் வரை.

கிரேன் போனது கூட அவருக்குப் பெரிதாக இல்லை. அவருடைய அண்ணன் இதே ஊரில், இதே நோயில் செத்தவர். முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. மூன்று தடவை வெட்டினார்கள். என் கணவர்தான் கூட இருந்தார். இப்போது அவர் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், நான் பொட்டு வைக்கிற கண்ணாடியை எடுத்துத் தரையில் வைத்து, பாதத்தை மேலே பிடித்துக்கொண்டு உள்ளங்காலைப் பார்ப்பார். விரல் இடுக்கெல்லாம் பார்ப்பார்.

"இங்க கொஞ்சம் கறுப்பா இல்ல?"

"அது கிடங்கு அழுக்கு. போய்க் கழுவுங்க."

கழுவிவிட்டு வந்து மறுபடி பார்ப்பார். சோற்றை நிறுத்தினார். யாரோ சொன்னார்கள் என்று பாகற்காய்ச் சாறு குடித்தார். வெந்தயத்தைத் தின்றார். தேயை நிறுத்தவில்லை, இனிப்பில்லாமல் கறுப்பாகக் குடித்தார். முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் சண்டை போட்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கொஞ்ச நாள் கழித்து, பெரிய டாக்டருக்கு நோயில்லாதவர்களின் ரத்தம் தேவைப்பட்டது, ஒப்பிட்டுப் பார்க்க. லேப்பிலும் ஆபீசிலும் இருப்பவர்களையே வெறும் வயிற்றில் வரச் சொன்னார். முதல் ஆளாக எங்கள் கிராணி வந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கு எழுதுவது, கடிதம் எழுதுவது எல்லாம் அவர்தான். துறைமுகத்தில் ஒட்டிய தமிழ் அறிவிப்பை எழுதியதும் அவர்தான்: பரிசோதனை நாளன்று பசியாறாமல் வரவும். நல்ல மனிதர். தலைமுடியை எண்ணெய் போட்டு அழுத்தி வாரி, சட்டைக் கையை நான்கு மடிப்பு சரியாக மடித்துக்கொண்டு, நீட்டிய கையோடு உட்கார்ந்திருந்தார். சீனப் பெண்மணி ரத்தம் எடுத்தார்.

நான் மேசையிலிருந்த கோப்பைகளை எடுக்கப் போனேன். லேப்பின் கோப்பைகளையும் நான்தான் கழுவ வேண்டும். அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அடியில் பால் வெள்ளையாகத் தங்கியிருந்தது.

"ஐயா, நீங்க வெறும் வயிறுதானே?"

"ஓம் பிள்ளை. விடிய எழும்பினதிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. பசி கண்ணைக் கட்டுது."

"இது யாரோட கோப்பை?"

"என்ரைதான். அரை மணிக்கு முன்னந்தான் கோப்பி குடிச்சனான்."

"கோப்பி குடிச்சிருக்கீங்களே."

"அதுக்கென்ன? கோப்பி சாப்பாடோ?"

சிரித்தார். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

வார்டில் சர்க்கரைப் பரிசோதனை செய்கிற நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். நர்ஸ்கள் தண்ணீர் தவிர எதையும் வாயருகே விடமாட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். இனிப்பு உள்ளே போனால் நீலம் கறுக்கும். தெரிந்தும் நான் ஒரு நாளும் அதை எங்கள் வீட்டு அடுப்போடு சேர்த்து நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. துறைமுகத்தில் ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற எவனும் எழுந்ததும் ஒரு குவளை தே குடிப்பான், டின்னில் வரும் இனிப்புப் பாலை ஊற்றி, கரண்டி நிற்கிற மாதிரி. பசியாறுவது, அதாவது காலைச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு, ரொட்டியோ இட்டிலியோ. தே குடிப்பது பசியாறுவதில் சேராது. எழுந்ததும் முகம் கழுவுவதை யாராவது குளியல் என்பார்களா?

பரிசோதனை நாள் காலையில் நான் அவரிடம் கேட்டது ஞாபகம் வந்தது.

"ஒன்னும் சாப்பிடக் கூடாதாம், தெரியும்ல?"

"தெரியும். இட்டிலி ஊத்தாத. தேத்தண்ணி போடு."

போட்டேன். பாவம், வெறும் வயிற்றோடு போகிறாரே என்று பால் ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

நான். அந்த லேப்பில் வேலை செய்கிற நான். தொழிலாளர்களைப் பொய்யர்கள் என்று சொல்கிற டாக்டர் இதைப் படிக்கட்டும். பொய் எங்கே இருக்கிறது? நானே போட்டுக் கொடுத்தேன், நானே குழாயைக் கழுவினேன், நானே நிறத்தைப் பார்த்தேன், இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு இத்தனை நாள் ஆனது.

நான் கிராணியின் குழாய் வரும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சீனப் பெண்மணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மருந்தை ஊற்றினார். நீலம் வந்தது. கறுத்த நீலம்.

"கிராணியும் இனிப்புதான்," என்றார் அவர்.

கிராணி எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "எனக்கோ? எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லையே! அப்பா தொண்ணூறு வயசிலயும் மாம்பழம் சாப்பிட்டவர்!" நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஒன்னும் இல்ல ஐயா. கோப்பிதான் அது. வாங்க என்கூட."

"எங்கை?"

"டாக்டர் கிட்ட."

"ஐயோ, நான் வரேல்லை."

வந்தார். குழாயை நானே எடுத்துக்கொண்டேன். அந்த அறைக்குள் கூட்டுவதற்குத் தவிர நான் போனதில்லை. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன? நீ கழுவுற வேலயப் பாரு."

"கழுவிட்டுத்தான் வந்தேன் டாக்டர். இது கிராணி ஐயாவோட ரத்தம். அவருக்கும் சர்க்கரை."

டாக்டர் நிமிர்ந்தார்.

"ஆனா சர்க்கரை இல்ல. ரத்தம் கொடுக்குறதுக்கு முன்னாடி கோப்பி குடிச்சிருக்காரு. துறைமுகத்துல எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தாங்க. என் வீட்டுக்காரருக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன்."

"சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியாச்சு. சாப்பிட்டுட்டு இல்லேன்னு சொல்றாங்க."

"சாப்பிடல டாக்டர். குடிச்சாங்க."

"அதுவும் சாப்பாடுதான்."

"உங்களுக்கு. எங்களுக்கு இல்ல. இதோ, இங்கிலீஷ் படிச்ச கிராணி ஐயாவுக்கும் இல்ல. வேணும்னா கேளுங்க."

டாக்டர் கிராணியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கிராணி தரையைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. காதெல்லாம் சிவந்திருந்தது. டாக்டர் என் கையிலிருந்து குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். திட்டப்போகிறார், வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. கிராணியை மறுநாள் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வரச் சொன்னார். என்னைப் பார்த்து, "உன் புருஷனையும் கூட்டிட்டு வா" என்றார்.

அன்றைக்கு அவர் நியாயமாக நடந்துகொண்டார். நான் அதை மறக்கவில்லை. அதனால்தான் இன்றைக்குக் கோபம் இரண்டு மடங்கு.

வீட்டில் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"ரெண்டாவது தடவையும் இருக்குன்னு சொன்னா?"

"சொன்னா மருந்து சாப்பிடலாம்."

"அண்ணனும் மருந்து சாப்பிட்டாரு."

அதுவரை எனக்குக் கிரேன், சம்பளம், டாக்டர் மேல் கோபம், இவைதான் இருந்தன. அவருக்கு இருந்தது ஒரு கேள்விதான். என் கால் எனக்கு இருக்குமா, இருக்காதா? நான் தப்பாக நினைத்திருந்தால்? தே ஒரு பக்கம் இருக்க, நோயும் இருந்தால்?

காலையில் தே இல்லை. அவர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலைவலி என்றார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பையிலிருந்து கறிபஃப் வாசனை வந்தது. "இறங்கி நடக்கலாமா?" என்று இவர் கேட்டார். நடக்கவில்லை. உட்காரச் சொல்லி அதட்டினேன்.

லேப்பில் முதலில் ஒரு ரத்தம் எடுத்தார்கள். பிறகு குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்தார்கள். அரை மணிக்கு ஒரு தடவை மறுபடி ரத்தம், மொத்தம் ஐந்து தடவை. நல்ல உடம்பு என்றால் சர்க்கரை ஏறும், இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். நோய் இருந்தால் ஏறினது இறங்காது. நான் உள்ளே போகக் கூடாது. தொட்டியடியில் நின்றேன். கழுவியதையே கழுவினேன். என் கையிலிருந்து ஒரு குழாய் விழுந்து உடைந்தது. அந்த லேப்பில் நான் உடைத்தது அது ஒன்றுதான்.

மதியத்துக்கு முன்னால் சீனப் பெண்மணி கூப்பிட்டார். சட்டத்தில் ஐந்து குழாய்கள். முதலாவது வெளிர் நீலம், வானம் வெளுத்திருக்கிற மாதிரி. இரண்டாவது கொஞ்சம் கறுப்பு. மூன்றாவது இன்னும் கறுப்பு. நான்காவது வெளிறியிருந்தது. ஐந்தாவது முதல் குழாயைப் போலவே இருந்தது. நான் இரண்டையும் எடுத்து ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தேன். ஒரே நிறம்.

"சூடா தூருன்," என்றார் அவர். மலாயில் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

குழாய்களைச் சட்டத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. சீனப் பெண்மணி பயந்து போய் என் முதுகில் தட்டினார். இடுப்புக்குக் கீழே புடவை நனைந்துவிட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கிராணி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கும் ஒண்டுமில்லையாம் பிள்ளை!" என்று கத்தினார். அவருடைய குழாயும் காலையிலேயே வெளுத்து வந்திருந்தது. என்னிடம் சொல்லத்தான் நேரம் கிடைக்கவில்லை.

என் கணவர் வெளியே பெஞ்சில், முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை ஆட்டிப் பார்த்தார். பத்தையும்.

பிறகுதான் கோபம் வந்தது அவருக்கு. "நீதானேடி போட்டுக் கொடுத்த!"

"நீங்கதானே கேட்டீங்க."

"கேட்டா போட்டுக் கொடுத்துடுவியா? லேப்புல வேல பாக்குறேன்னு ஊரெல்லாம் சொல்ற?"

"பாகற்காய் சாறு குடிங்கன்னு நானா சொன்னேன்?"

"ஒரு மாசமா அந்தக் கருமத்தக் குடிச்சேன்."

சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் உட்கார வைத்தேன். ஐந்து தோசை சாப்பிட்டார். இரண்டு தே, பால் தூக்கலாக. கடைக்காரர், "என்ன, விரதம் முடிச்சீங்களா?" என்று கேட்டார். "இல்ல, கால் திரும்பி வந்துச்சு," என்றார் இவர். கடைக்காரர் விளங்காமல் இன்னொரு தோசை வைத்துவிட்டுப் போனார்.

மற்றவர்களையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இந்தத் தடவை அறிவிப்பு ஒட்டினால் போதாது, ஆள் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். கிராணியும் நானும் போனோம். துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் முன்னால் எல்லோரும் வந்து நின்றார்கள். பலரும் கிடங்கு கூட்டப் போனவர்கள். சோர்ந்து போயிருந்தார்கள். கிராணி மேடைப் பேச்சு மாதிரி ஆரம்பித்தார். நான் நடுவில் புகுந்தேன்.

"அண்ணே, சாப்பாடு கூடாது. தே கூடாது. கோப்பி கூடாது. மைலோ கூடாது. வெத்தல பாக்கு கூடாது. மிட்டாய் கூடாது. பச்சத் தண்ணி மட்டும்."

"தேத்தண்ணியுமா கூடாது?" என்று ஒருவர் கேட்டார். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல? நான் அன்னிக்கு ரெண்டு குடிச்சேனே. ரத்தம் எடுக்கப் போறாங்க, தெம்பா இருக்கட்டும்னு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நான் ஒன்னு, நான் ரெண்டு, நான் குவளை நிறைய. ஒருவரும் மறைக்கவில்லை. கேட்ட உடனே சொன்னார்கள். அவர்களுடைய தண்டல், மூட்டை இறக்குகிற கூட்டத்துக்குத் தலைவர், பின்னாலிருந்து கத்தினார்:

"ஏம்மா, வாயில எச்சி ஊறுதே, அத முழுங்கலாமா, இல்ல டாக்டர் கிட்ட சீட்டு வாங்கணுமா?"

சிரித்தார்கள். எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தார்கள். கிராணி கூடச் சிரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நானும் குடிச்சனான்," என்றார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

இந்தத் தடவை குழாய்கள் வரிசையாக வெளுத்து வந்தன. நான் சட்டத்தின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு மட்டும் கறுத்தே நின்றன. அந்த இரண்டு பேருக்கும் உண்மையாகவே நோய் இருந்தது. அதில் ஒருவர் அந்தத் தண்டல். அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லவேளை இப்பவே தெரிஞ்சுதே என்றார். ஆராய்ச்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் கடைசி வரை இரண்டு காலோடு நடந்தார்.

கம்பெனிக்குப் புதுப் பட்டியல் போனது. என் கணவர் மறுபடி கிரேனில் ஏறினார், மற்றவர்களும் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, துறைமுக மதிலுக்கு மேலே ஒரு கிரேனின் கை மெதுவாகத் திரும்புவதைப் பார்த்தேன். அது அவர்தானா என்று தெரியாது. அவர்தான் என்று வைத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும் வரை மனசு லேசாக இருந்தது. ஒரு மாதமாக வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்பது அது இறங்கின பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது நாங்கள் மகள் வீட்டில், புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறோம். அவருக்கு வயதாகிவிட்டது. காது மந்தம், முழங்கால் வலி. சர்க்கரை இல்லை. நான் இதை எழுதுவதைப் பார்த்து, "விடு லா, கிழவன் ஏதோ பேசிட்டான்," என்கிறார். விடமாட்டேன். தன்னைப் பொய்யன் என்று சொன்னதை அவர் மன்னிக்கலாம். அவர் இஷ்டம். அந்த லைன் வீடுகளின் முன்னால் கேட்டவுடனே கையைத் தூக்கிச் சொன்னவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. அவர்கள் சார்பில் மன்னிக்க யாருக்கும் உரிமை இல்லை.

டாக்டர், நீங்கள் அன்றைக்கு அந்தக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தீர்கள். தப்பு நம்முடையது என்று உங்களுக்கு அப்போதே தெரியும். உங்கள் லேப்பில் ஒருவருமே தேயைப் பற்றி யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை, கிராணியும் இல்லை, நானும் இல்லை. நான் என் பங்கை இங்கே எழுதிவிட்டேன். உங்கள் பேச்சைத் தமிழ்ப் பத்திரிகை போட்டது. உங்கள் பதிலையும் போடும். எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும். பட்டியல் உங்களிடம் இருக்கும், ஆராய்ச்சிக்காரர்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை. அதில் இருந்தவர்களில் யார் உங்களிடம் பொய் சொன்னார்? ஒரே ஒருவரைக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால், அதையும் நீங்களே எழுதுங்கள்.